நல்லவராக இருந்தால் நன்றாக வாழ முடியுமா? பழைய கிரேக்கத் தத்துவம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாக்ரடீஸ் காலத்து ஏதென்ஸில் தொடங்கி, பேரரசர் மார்கஸ் அரேலியஸ் காலத்து ரோமாபுரி வரை ஏறக்குறைய 600 ஆண்டுகள் ஓயாமல் நடந்த ஒரு வாக்குவாதம் இது. அறத்தோடு வாழ்வது வாழ்கிறவருக்கே நல்லதா, ஊருக்கு மட்டும்தான் நல்லதா? நன்றாக வாழ அறம் ஒன்றே போதுமா, கொஞ்சம் அதிர்ஷ்டமும் வேண்டுமா? இதைப் புதிதாகப் படிக்க வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்பவை கீழே இருக்கின்றன. சில பதில்கள் நீளம், சில இரண்டே வரி. எல்லாக் கேள்விக்கும் ஒரே கனம் கிடையாது.

கிரேக்கர்கள் முதலில் எதைக் கேட்டார்கள்?

எப்படி வாழ வேண்டும் என்பதை. இந்தச் செயல் சரியா தப்பா, இதற்கு விதி என்ன என்பதெல்லாம் அவர்களுக்கு அடுத்தபடிதான். ஒரு முழு வாழ்க்கையை எடுத்துக்கொண்டு, 'இது நல்லபடியாக வாழ்ந்த வாழ்க்கை' என்று எப்போது சொல்லலாம் என்று பார்த்தார்கள். அப்படிப்பட்ட நல்வாழ்வுக்கு அவர்கள் வைத்த பெயர் யூடைமோனியா. இன்றைக்கு மனசு குளிர்ந்திருக்கிறது, நாளைக்கு இல்லை என்று வந்து போகிற சந்தோஷத்தை அவர்கள் அந்தப் பெயரால் அழைக்கவில்லை. ஒரு தகைவிலான் குருவி வந்துவிட்டதாலேயே வசந்தம் வந்துவிடாது என்று அரிஸ்டாட்டில் எழுதியது இந்த இடத்தில்தான்.

எல்லோரும் நல்வாழ்வை விரும்புகிறார்கள் என்பதில் அவர்களுக்குள் தகராறு இல்லை. அது எதில் இருக்கிறது என்பதில்தான் தகராறு. பணம் என்பார் ஒருவர், பேர்புகழ் என்பார் இன்னொருவர். ஒரே ஆளே நோயில் படுத்திருக்கும்போது ஆரோக்கியம் என்றும், கையில் காசில்லாதபோது செல்வம் என்றும் மாற்றிச் சொல்வார் என்கிறார் அரிஸ்டாட்டில்.

அறப்பண்புகள் என்று எவற்றைச் சொன்னார்கள்?

பிளேட்டோவின் 'குடியரசு' நான்கைச் சொல்கிறது: அறிவு, துணிவு, தன்னடக்கம், நீதி. பின்னால் வந்த தத்துவப் பள்ளியினரான ஸ்டோயிக்குகளும் இதே நான்கைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அரிஸ்டாட்டிலின் பட்டியல் இன்னும் நீளமானது. தாராள மனசு, கோபத்தில் நிதானம், தன்னைப் பற்றி உள்ளது உள்ளபடி பேசுவது எல்லாம் அதில் உண்டு. நகைச்சுவையாகப் பேசத் தெரிவதையும் ஒரு பண்பாகச் சேர்த்திருக்கிறார். யாரையாவது சிரிக்கவைத்தே ஆக வேண்டும் என்று அலைகிற கோமாளிக்கும், தானும் சிரிக்காமல் சிரிப்பவரையும் முறைக்கிற ஆளுக்கும் நடுவில் இருப்பது அது. அறநூலில் இதற்கும் இடம் ஒதுக்கிய மனிதரை எனக்குப் பிடிக்கும்.

பண்பு என்பது ஒரு பொருள் தன் வேலையை நன்றாகச் செய்ய உதவும் குணம் என்பது கிரேக்கர்களின் எண்ணம். நல்ல கண் நன்றாகப் பார்க்கும், நல்ல குதிரை நன்றாக ஓடும். அப்படி மனிதனுக்கென்று ஒரு தனி வேலை உண்டா? அறிவைக் கொண்டு நடப்பதுதான் அது என்பது அரிஸ்டாட்டிலின் பதில். மனிதனுக்கு அப்படி ஒரு வேலை இருந்தாக வேண்டும் என்று யார் சொன்னது என்று அன்று முதல் இன்று வரை மடக்கிக்கொண்டே இருக்கிறார்கள். அவர் சொன்ன காரணம் எனக்கும் முழுசாகத் திருப்தி தரவில்லை. ஆனால் அதை ஒதுக்கிவிட்டாலும் அவருடைய மற்ற விஷயங்கள் நிற்கின்றன.

சாக்ரடீஸ் எதுவுமே எழுதவில்லையே. அவர் சொன்னது எப்படித் தெரியும்?

மற்றவர்கள் எழுதியதிலிருந்துதான். பிளேட்டோவும் செனோஃபோனும் அவரோடு பழகியவர்கள். இருவரும் காட்டுகிற சாக்ரடீஸ் ஒரே மாதிரி இல்லை. அரிஸ்டோஃபேன்ஸ் கி.மு. 423இல் மேடையேற்றிய 'மேகங்கள்' நாடகம் அவரைக் கூடையில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கும் கேலிப் பாத்திரமாக்கியது. பிளேட்டோவின் பிற்கால நூல்களில் சாக்ரடீஸ் பேசுவதில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு பிளேட்டோவுடையது என்று பிரிப்பது கஷ்டம். இங்கே சாக்ரடீஸ் என்று சொல்லும்போதெல்லாம் பிளேட்டோவின் ஆரம்பகால உரையாடல்களில் வருகிறவரைத்தான் சொல்கிறேன்.

தெரிந்தே யாரும் தப்புச் செய்வதில்லை என்று அவர் சொன்னாராமே? அது எப்படிச் சரியாகும்?

சொன்னார். தப்புச் செய்பவர் தனக்கே தீங்கு செய்துகொள்கிறார். தனக்குத் தீங்கு வேண்டும் என்று யாரும் ஆசைப்படுவதில்லை. ஆகவே தப்புச் செய்கிறவருக்கு எது நல்லது என்று உண்மையில் தெரியவில்லை. வாதம் இவ்வளவுதான். அப்படிப் பார்த்தால் அறம் என்பது ஒருவகை அறிவு. ஒவ்வொரு பண்புக்கும் விளக்கம் கேட்டு அவர் ஊரில் ஒருவரையும் விடாததற்குக் காரணம் இதுதான். துணிவு என்றால் என்ன என்று தளபதிகளைக் கேட்டார். பக்தி என்றால் என்ன என்று, தன் சொந்தத் தகப்பன்மேல் வழக்குப் போட வந்த யூதிஃப்ரோவைக் கேட்டார். கடைசியில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

நமக்கெல்லாம் உடனே தோன்றும் எதிர்ப்பு அரிஸ்டாட்டிலுக்கும் தோன்றியது. தெரிந்தும் செய்கிறோமே! இனிப்பு ஆகாது என்று தெரிந்தவர் தட்டை நீட்டியதும் கை வைக்கிறாரே! தன் அறநூலான 'நிக்கோமாக்கிய அறவியல்' ஏழாம் புத்தகத்தில் (பழைய நூல்களின் பகுதிகளைத்தான் புத்தகம் என்பார்கள்) இதற்கு அவர் சொல்லும் விளக்கம் நுட்பமானது. ஆசை பொங்குகிற அந்த நேரத்தில் அந்த அறிவு தூங்குகிறவரிடமோ குடித்திருப்பவரிடமோ இருக்கிற அறிவு போலாகிவிடுகிறது. குடித்தவர் பழைய தத்துவக் கவிஞர் எம்பெடாக்ளிஸின் செய்யுளைத் தடங்கலில்லாமல் ஒப்பிப்பார். அதற்காக அதன் பொருள் அப்போது அவர் புத்தியில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. கூர்ந்து பார்த்தால் இது சாக்ரடீஸுக்குப் பாதி விட்டுக்கொடுத்த பதில். முழு விழிப்போடு இருக்கிற அறிவை ஆசை வெல்லவில்லை என்றுதானே ஆகிறது?

சாக்ரடீஸ் சிறையிலிருந்து ஏன் தப்பி ஓடவில்லை?

கி.மு. 399இல் மெலிட்டஸ், அனிட்டஸ், லைக்கோன் என்ற மூவர் அவர்மேல் வழக்குத் தொடுத்தார்கள். நகரத்தின் தெய்வங்களை மதிக்கவில்லை, இளைஞர்களைக் கெடுத்தார் என்பது குற்றச்சாட்டு. 30 வாக்குகள் மாறி விழுந்திருந்தால் விடுதலையாகியிருப்பேன் என்று பிளேட்டோ எழுதிய 'வாதுரை'யில் அவரே சொல்கிறார். உனக்கு என்ன தண்டனை தரலாம் என்று கேட்டபோது, ஒலிம்பிக் வீரர்களுக்குத் தருவதுபோல எனக்கும் அரசுச் செலவில் சாப்பாடு போடுங்கள் என்றார். அப்புறம் நண்பர்கள் வற்புறுத்தியதால் 30 மினா வெள்ளி அபராதம் கட்டுவதாகச் சொன்னார். நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது.

தண்டனை உடனே நிறைவேறவில்லை. டெலோஸ் தீவுக்கு அனுப்பிய புனிதக் கப்பல் திரும்பும்வரை ஏதென்ஸில் யாரையும் கொல்லக் கூடாது என்பது வழக்கம். அந்த இடைவெளியில் பழைய நண்பர் கிரிட்டோ காசு கொடுத்து வழி செய்து வைத்துவிட்டு விடியற்காலையில் சிறைக்கு வந்தார். தெஸ்ஸலிக்குப் போய்விடலாம், உன் பிள்ளைகளை நினைத்துப் பார், ஊர் எங்களைத்தான் ஏசும் என்றெல்லாம் கெஞ்சினார். ஊர் என்ன சொல்லும் என்பதை விடு, செய்வது சரியா என்று மட்டும் பார்ப்போம் என்றார் சாக்ரடீஸ். நமக்கு அநியாயம் நடந்தாலும் பதிலுக்கு நாம் அநியாயம் செய்யக் கூடாது என்பது அவர் வாதத்தின் அச்சாணி. 70 வயதுவரை இந்த ஊர்ச் சட்டங்களின் நிழலில் இருந்துவிட்டு, வேண்டாம் என்றால் எப்போதோ கிளம்பியிருக்கலாம் என்ற நிலையிலும் கிளம்பாமல் இருந்துவிட்டு, இப்போது சுவர் தாண்டுவது சட்டத்தை உடைப்பதாகும் என்றார்.

சட்டம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கீழ்ப்படிகிற ஆள் என்று இதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. கி.மு. 404இல் ஆட்சியைப் பிடித்த முப்பதின்மர் என்ற கொடுங்கோல் குழுவினர், சலாமிஸைச் சேர்ந்த லியோனைக் கொல்வதற்காகப் பிடித்துவரச் சொல்லி ஐந்து பேரை அனுப்பினார்கள். நான்கு பேர் போனார்கள். ஐந்தாமவரான சாக்ரடீஸ் நேரே வீட்டுக்குப் போய்விட்டார். அநியாயம் படுவதா, செய்வதா என்று வந்தால் படுவதே மேல் என்பதை அவர் வாதமாக மட்டும் வைத்திருக்கவில்லை.

யாரும் பார்க்கவில்லை, மாட்டிக்கொள்ளவும் மாட்டோம் என்றால் எதற்காக நல்லவராக இருக்க வேண்டும்?

இந்தக் கேள்வியைப் பிளேட்டோவே தன் அண்ணன் கிளாக்கோன் வாயில் வைத்துக் கேட்டார், 'குடியரசு' இரண்டாம் புத்தகத்தில். லிடியா நாட்டு ஆட்டிடையன் ஒருவன் நிலநடுக்கத்தில் பிளந்த குழிக்குள் இறங்கி, அங்கே கிடந்த பிணத்தின் விரலிலிருந்து ஒரு மோதிரத்தைக் கழற்றிக்கொள்கிறான். கல்லை உள்ளங்கைப் பக்கம் திருப்பினால் அவன் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டான். அரண்மனைக்குப் போனான், அரசியை வசப்படுத்தினான், அரசனைக் கொன்றான், ஆட்சியைப் பிடித்தான். அப்படிப்பட்ட மோதிரம் இரண்டு இருந்து, ஒன்றை நல்லவரிடமும் ஒன்றைக் கெட்டவரிடமும் கொடுத்தால் இருவரும் ஒரே மாதிரிதான் நடப்பார்கள் என்கிறார் கிளாக்கோன்.

அதோடு நிறுத்தவில்லை. ஊரெல்லாம் யோக்கியன் என்று புகழ்கிற முழு அயோக்கியனை ஒரு பக்கம் நிறுத்துங்கள். ஊரெல்லாம் அயோக்கியன் என்று ஏசி, சாட்டையால் அடித்து, கண்ணைச் சுட்டு, கழுவேற்றுகிற முழு யோக்கியனை இன்னொரு பக்கம் நிறுத்துங்கள். இப்போது சொல்லுங்கள், யார் நன்றாக வாழ்கிறார்? பிற்பாடு நடந்த வாக்குவாதம் முழுவதும் இந்தக் கேள்விக்குத்தான் திரும்பத் திரும்ப வருகிறது. இதைவிடக் கறாராக இதை யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

பதில் சொல்லப் பிளேட்டோவுக்கு எட்டுப் புத்தகங்கள் ஆயின. சுருக்கம் இது. மனசுக்குள் அறிவு, வீறு, ஆசை என்று மூன்று இருக்கின்றன. அறிவு ஆள, மற்றவை தத்தம் வேலையைப் பார்த்தால் அந்த ஒழுங்குக்குப் பெயர் நீதி. அநியாயக்காரனுக்குள் உள்நாட்டுக் கலகம் நடக்கிறது. கொடுங்கோலன் யாரையும் நம்ப முடியாமல், ஓர் ஆசை தீர்ந்ததும் அடுத்த ஆசை விரட்ட, தன் அரண்மனையிலேயே கைதியாக வாழ்கிறான். மோதிரம் மற்றவர் கண்ணிலிருந்துதான் மறைக்கும். உள்ளே நடப்பது நடந்துகொண்டுதான் இருக்கும். நல்ல அரசன் கொடுங்கோலனைவிட 729 மடங்கு இன்பமாக வாழ்கிறான் என்று ஒன்பதாம் புத்தகத்தில் ஒரு கணக்கும் வருகிறது. அதை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

அரிஸ்டாட்டிலின் நடுவழி என்றால் எதிலும் பாதிப் பாதியா?

இல்லை. ஒவ்வொரு பண்பும் மிகைக்கும் குறைவுக்கும் நடுவில் இருக்கிறது என்றார் அவர். எதிலும் மிதமாக இரு என்ற அறிவுரையாக அதைச் சுருக்கிவிடுகிறார்கள். 10 மினா எடை உணவு அதிகம், 2 மினா குறைவு என்பதற்காகப் பயிற்சியாளர் எல்லோருக்கும் 6 என்று எழுதிக் கொடுக்க மாட்டார் என்கிறார் அவர். மல்யுத்த வீரர் மைலோவுக்கு அது பத்தாது, புதிதாகப் பயிற்சிக்கு வந்தவருக்கு அதிகம்.

கோபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோபப்பட வேண்டிய ஆளிடம், வேண்டிய காரணத்துக்காக, வேண்டிய அளவில், வேண்டிய நேரத்தில் கோபப்படுவதுதான் நடு. சில சமயம் அது பெருங்கோபமாகவே இருக்கும். தன்னையும் தன்னைச் சேர்ந்தவர்களையும் ஒருவர் அவமதிக்கும்போது சும்மா இருப்பதையும் அவர் குறை என்றே சொல்கிறார். கொலை, திருட்டு, பிறன்மனை நாடுதல் ஆகியவற்றுக்கு நடு என்பதே கிடையாது. சரியான பெண்ணோடு, சரியான நேரத்தில், சரியான விதத்தில் செய்த கள்ளக்காதல் என்று ஒன்று இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார்.

அறநூல்களைப் படித்தால் நல்லவராகிவிடலாமா?

முடியாது என்பதில் அரிஸ்டாட்டில் கண்டிப்பானவர். வீடு கட்டிக் கட்டித்தான் கொத்தனார் ஆகிறோம், யாழ் வாசித்து வாசித்துத்தான் யாழ்க்கலைஞர் ஆகிறோம். நியாயமாக நடந்து நடந்துதான் நியாயமானவர் ஆகிறோம். பேச்சோடு நின்றுவிடுகிறவர்கள், வைத்தியர் சொல்வதைக் கவனமாகக் கேட்டுவிட்டு ஒன்றையும் செய்யாத நோயாளிகள் என்கிறார். இளைஞர்கள் கணிதத்தில் மேதையாகலாம், ஆனால் எந்த இடத்தில் எப்படி நடப்பது என்கிற விவேகம் அனுபவத்தில்தான் வரும் என்பதும் அவர் கருத்து.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. பழக்கம் சின்ன வயதிலேயே படிய வேண்டும் என்றால், நல்ல வளர்ப்பு வாய்க்காதவர் கதி என்ன? அவர் இதை மறைக்கவில்லை. சிறு வயதிலிருந்து எப்படிப் பழகினோம் என்பதில் கொஞ்சம் அல்ல, எல்லாமே அடங்கியிருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். பிறந்த வீடும் ஊரும் நம் கையில் இல்லை. ஆக, அதிர்ஷ்டம் வாழ்க்கையில் மட்டுமல்ல, குணத்திலும் நுழைந்துவிடுகிறது.

நல்லவருக்குப் பெரிய துன்பம் வந்தால்? அப்போதும் நன்றாக வாழ்கிறார் என்று சொல்ல முடியுமா?

கிரேக்கர்கள் பிரிந்து நின்ற இடம் இதுதான். நான் இந்தப் பக்கத்தை எழுதக் காரணமும் இந்தக் கேள்விதான்.

அரிஸ்டாட்டில் எடுத்துக்கொள்ளும் ஆள் டிராய் அரசர் பிரையம். நெடுங்காலம் செழிப்பாக வாழ்ந்து, முதுமையில் பிள்ளைகளையும் நகரத்தையும் கண்ணெதிரே இழந்தவர். அவரை நல்வாழ்வு வாழ்ந்தவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்கிறார். நல்வாழ்வுக்கு நண்பர்கள், ஓரளவு செல்வம், நல்ல பிள்ளைகள் எல்லாம் வேண்டும். அவலட்சணமாக இருப்பதுகூட ஓரளவு கெடுக்கும் என்கிறார். சித்திரவதைச் சக்கரத்தில் கட்டிக் கிடப்பவரும் நல்லவராக இருந்தால் நல்வாழ்வுதான் என்று சொல்கிறவர்கள் உளறுகிறார்கள் என்று வேறோர் இடத்தில் எழுதுகிறார். அதே நேரத்தில் இன்னொன்றும் சொல்கிறார். துன்பத்தை உணர்ச்சி மரத்துப்போனதால் அல்லாமல் பெருந்தன்மையால் தாங்குகிறவரிடம் ஓர் அழகு ஒளிவிடுகிறது. கிடைத்த தோலைக் கொண்டு முடிந்தவரை நல்ல செருப்பைத் தைக்கிற தொழிலாளி மாதிரி, இருக்கிற நிலைமையில் முடிந்த நல்லதை அவர் செய்வார். அவர் ஒருபோதும் கேடுகெட்டவர் ஆக மாட்டார். ஆனால் பேறு பெற்றவர் என்றும் சொல்ல முடியாது.

ஸ்டோயிக்குகள் இதை ஏற்கவில்லை. அறம் ஒன்றுதான் நன்மை, அறக்கேடு ஒன்றுதான் தீமை. செல்வம், உடல்நலம், பேர், உயிர்கூட இரண்டிலும் சேராதவை. உடல்நலமும் நோயும் ஒன்றுதான் என்று அவர்கள் சொல்லவில்லை. உடல்நலம் கிடைத்தால் எடுத்துக்கொள், அதில் தப்பில்லை, ஆனால் உன் நல்வாழ்வு அதில் தொங்கவில்லை. அவர்கள் காட்டும் ஞானி சித்திரவதையிலும் நல்வாழ்வு வாழ்கிறவர். அப்படி ஒருவர் எங்கேயாவது உண்டா என்று கேட்டால், அபூர்வம் என்று அவர்களே ஒத்துக்கொள்வார்கள். ஒரு முழம் ஆழத்தில் மூழ்குகிறவனும் மூச்சுவிட முடியாமல்தான் சாகிறான், கடலடியில் மூழ்குகிறவனும் அப்படித்தான். ஆகவே ஞானி அல்லாத நாம் எல்லோரும் சம அளவில் முட்டாள்கள் என்றும் சொல்லிவைத்தார்கள். இந்த இடத்தில் எனக்கு அவர்களோடு ஒத்துவரவில்லை.

இன்பம்தான் நல்வாழ்வு என்று சொன்ன தத்துவஞானி எபிகியூரஸ் கி.மு. 270இல் இறந்தார். கடைசி நாளில் இடோமெனியஸ் என்ற நண்பருக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. சிறுநீர் அடைப்பும் வயிற்றுக்கடுப்பும் உச்ச வேதனை தருகின்றன, ஆனாலும் நாம் பேசிக்கொண்டிருந்ததை எல்லாம் நினைக்கும்போது வரும் மகிழ்ச்சி அதற்கு எதிராக நிற்கிறது, இன்று எனக்குப் பேறான நாள் என்று எழுதியிருக்கிறார். வலிதான் தீமை என்று சொன்ன மனிதர் அவர்!

யார் சொல்வது சரி? பிள்ளையைப் பறிகொடுத்தவர்களைப் பார்க்கும்போது அரிஸ்டாட்டில்தான் உண்மையைச் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. நல்லவர் நொறுங்கலாம், அதில் அவர் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் நொறுங்காமல் இருக்க வழி கேட்டு வருகிறவருக்கு அவர் கையில் கொடுப்பது குறைவு. அமெரிக்க விமானி ஜேம்ஸ் ஸ்டாக்டேல் 1965இல் வியட்நாமில் சுட்டு வீழ்த்தப்பட்டு, ஏழு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் சித்திரவதைப்பட்டார். அப்போது அவர் பிடித்துக்கொண்டது ஸ்டோயிக்கான எபிக்டெட்டஸைத்தான். எபிக்டெட்டஸ் அடிமையாக வளர்ந்தவர், கால் ஊனமானவர். வெளியே எல்லாம் போன பிறகு என்ன மிஞ்சும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையிருக்கவில்லை.

ஸ்டோயிக் என்றால் உணர்ச்சியே இல்லாத கல்லா?

ஔலுஸ் கெல்லியஸ் என்ற ரோமானியர் ஒரு கப்பல் பயணத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். கிரேக்கத்திலிருந்து இத்தாலிக்குப் போகும் வழியில் கடும்புயல். கப்பலில் பேர்பெற்ற ஸ்டோயிக் ஒருவர் இருந்தார். அவர் என்ன செய்கிறார் பார்ப்போம் என்று கெல்லியஸ் கவனித்தார். அவர் புலம்பவில்லை, ஆனால் முகம் மற்றவர்களைப் போலவே வெளுத்திருந்தது. கரை நெருங்கியதும் ஏன் என்று கேட்டார். அந்தத் தத்துவஞானி பையிலிருந்து எபிக்டெட்டஸ் நூலின் ஐந்தாம் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். திடீரென்று வரும் முதல் அதிர்ச்சி ஞானிக்கும் வரும், முகம் வெளுக்கும். அது நம் கையில் இல்லை. 'ஐயோ, பெரிய கேடு வந்துவிட்டது' என்று அதற்கு ஒப்புதல் கொடுப்பதா வேண்டாமா என்பதுதான் நம் கையில் இருக்கிறது. எபிக்டெட்டஸின் உரைகளில் இன்று நான்கு புத்தகங்கள்தான் இருக்கின்றன. ஐந்தாவதின் இந்தத் துண்டு அந்தப் புயலின் புண்ணியத்தில் பிழைத்தது.

எபிகியூரஸ் குடி, கூத்து என்று வாழச் சொன்னாரா?

அது எதிரிகள் கட்டிவிட்டது. நண்பருக்கு எழுதும்போது, கொஞ்சம் பாலாடைக்கட்டி அனுப்பு, விருந்து சாப்பிட வேண்டும் என்று தோன்றினால் உதவும் என்று கேட்ட மனிதர் அவர். இன்பம்தான் நல்வாழ்வு என்றார், வாஸ்தவம். ஆனால் உடலில் வலியில்லாமல், மனசில் கலக்கமில்லாமல் இருப்பதே இன்பத்தின் உச்சம். அதற்கு மேல் ரகம்தான் மாறுமே தவிர அளவு கூடாது என்பது அவர் கொள்கை. பசிக்குச் சோறு போன்ற ஆசைகள் இயல்பானவை, தேவையானவை. ருசியான பண்டம் இயல்பானது, தேவையில்லாதது. ஊர் நமக்குச் சிலை வைக்க வேண்டும் என்பது இரண்டும் இல்லை. மூன்றாவதை விடு, இரண்டாவது கிடைத்தால் அனுபவி, முதலாவது சுலபமாகவே கிடைக்கும்.

மரணம் நமக்கு ஒன்றுமில்லை என்றார்: நாம் இருக்கும்வரை அது இல்லை, அது வரும்போது நாம் இல்லை. வாதம் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் நம் சாவைவிட மற்றவர் சாவுதானே நம்மை அதிகம் உலுக்குகிறது? அதற்கு இந்த வாதம் பதில் சொல்லவில்லை.

டயோஜெனிஸ் உண்மையிலேயே பானைக்குள் வாழ்ந்தாரா?

வசதிகளை உதறிவிட்டு வாழ்ந்த கிரேக்கத் தத்துவஞானி அவர். பெரிய மண்தாழி அது. பட்டப்பகலில் விளக்கோடு மனிதனைத் தேடியது, அலெக்சாண்டரிடம் 'வெயிலை மறைக்காதே, தள்ளி நில்' என்றது, ஒரு சிறுவன் கையால் நீர் குடிப்பதைப் பார்த்துத் தன் கோப்பையைத் தூக்கி எறிந்தது என்று கதைகள் ஏராளம். பெரும்பாலும் ஐநூறு ஆண்டுக்கும் பிற்பட்ட ஒரு தொகுப்பாளர் வழியாக வந்தவை. எத்தனை நடந்தவை என்று கணக்குப் பார்ப்பதில் பயனில்லை. நல்வாழ்வுக்கு எவ்வளவு குறைவாகத் தேவை என்று அவர் செய்தே காட்டினார் என்பதுதான் கதைகளின் சாரம். அவர் வழியில் வந்த கிராட்டிஸிடம்தான் ஸ்டோயிக் பள்ளியைத் தொடங்கிய ஜீனோ முதலில் பாடம் கேட்டார்.

இந்தியாவோடு ஏதாவது தொடர்பு உண்டா?

நேரடிச் சந்திப்பே நடந்திருக்கிறது. டயோஜெனிஸின் மாணவர் ஒனெசிக்ரிட்டஸ் அலெக்சாண்டரின் படையோடு வந்தவர். தட்சசீலத்தில் ஆடையில்லாத துறவிகளைப் போய்ப் பார்த்தார். புவியியல் அறிஞர் ஸ்ட்ராபோவின் நூலில் அந்த விவரம் இருக்கிறது. துறவிகளில் மூத்தவர், கிரேக்கத்திலும் இப்படிப்பட்ட போதனைகள் உண்டா என்று கேட்க, இவர் பித்தகோரஸ், சாக்ரடீஸ், டயோஜெனிஸ் பெயர்களைச் சொன்னார். மற்றதெல்லாம் சரி, ஆனால் இயற்கையைவிட ஊர் வழக்கத்தைப் பெரிதாக நினைத்துவிட்டார்கள், இல்லாவிட்டால் என்னைப் போல ஆடையில்லாமல் இருக்க வெட்கப்பட்டிருப்பார்களா என்றாராம் அவர். இடையில் மூன்று மொழிபெயர்ப்பாளர்கள். சேற்று வழியாகத் தெளிந்த நீர் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதுபோல என்று அந்த உரையாடலிலேயே அங்கலாய்ப்பும் வருகிறது.

பெண்களும் அடிமைகளும் இந்த நல்வாழ்வில் எங்கே?

பெரும்பாலும் வெளியே. பிறப்பிலேயே அடிமையாக இருக்கத் தகுந்தவர்கள் உண்டு என்று அரிஸ்டாட்டில் 'அரசியல்' முதல் புத்தகத்தில் வாதாடுகிறார். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள் என்று அவருக்குச் சப்பைக்கட்டு கட்ட முடியாது. அடிமைத்தனம் இயற்கைக்கு மாறானது, வெறும் பலவந்தம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று அவரே அதே இடத்தில் குறிப்பிடுகிறார். எதிர்வாதம் காதில் விழுந்தும் தவறான பக்கம் நின்றார்.

பிளேட்டோ தன் கற்பனை நகரத்தில் பெண்களும் ஆளலாம் என்றார். எபிகியூரஸின் பள்ளியான தோட்டத்தில் பெண்களும் அடிமைகளும் சேர்ந்து படித்தார்கள். ஹிப்பார்க்கியா வீட்டு வசதியை உதறிவிட்டு கிராட்டிஸோடு தெருவில் தத்துவ வாழ்க்கை வாழ்ந்தார். எபிக்டெட்டஸின் ஆசிரியர் முசோனியஸ் ரூஃபஸ் பெண்களும் தத்துவம் படிக்க வேண்டும் என்று வாதாடினார். இவ்வளவு இருந்தும் அடிமை முறையை ஒழிக்க இந்தப் பள்ளிகளில் ஒன்றுகூடக் கிளம்பவில்லை.

நட்புக்கு ஏன் இவ்வளவு இடம்?

அரிஸ்டாட்டிலின் அறநூல் 10 புத்தகங்களில் இரண்டு நட்பைப் பற்றியவை. பயனுக்காகவும் இன்பத்துக்காகவும் வருகிற நட்புகள் அந்தப் பயனும் இன்பமும் தீர்ந்ததும் தீர்ந்துவிடும். குணத்துக்காக வருவது நிலைக்கும், ஆனால் அரிது. சேர்ந்து போதுமான உப்பைத் தின்று தீர்த்த பிறகுதான் ஒருவரை ஒருவர் அறிய முடியும் என்கிற பழமொழியை அவர் எடுத்துக்காட்டுகிறார். மற்ற எல்லாச் செல்வமும் இருந்தாலும் நண்பர் இல்லாமல் வாழ யாரும் சம்மதிக்க மாட்டார்கள் என்பது அவர் முடிவு. எபிகியூரஸும் இதில் அவர் பக்கம்தான்.

யூடியூபில் வருகிற ஸ்டோயிசம் அதுதானா?

பாதிதான். 'உன் கையில் இருப்பது, இல்லாதது என்று பிரித்துப் பார்' என்பது எபிக்டெட்டஸ் சொன்னதுதான். ஆனால் அதை முன்னேறவும் காசு சேர்க்கவும் உத்தியாக விற்கிறார்கள். நான்கு பண்புகளில் நீதி எங்கோ விழுந்துவிட்டது. ஸ்டோயிக்கான மார்கஸ் அரேலியஸ் பேரரசராக இருந்துகொண்டு தனக்காக எழுதிய குறிப்புகளில் பொதுநலம் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. தேன்கூட்டுக்கு ஆகாதது தேனீக்கும் ஆகாது என்று எழுதிவைத்தவர் அவர்.

படம் போட்டுப் பரவும் மேற்கோள்களிலும் கவனம் வேண்டும். 'நாம் திரும்பத் திரும்பச் செய்வதே நாம்' என்ற வரி அரிஸ்டாட்டில் பெயரில் சுற்றுகிறது. அது அமெரிக்க எழுத்தாளர் வில் டியூரண்ட் 1926இல் அரிஸ்டாட்டிலை விளக்கும்போது எழுதிய வரி.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

பிளேட்டோவின் 'வாதுரை', 'கிரிட்டோ' இரண்டையும் ஒரே மாலையில் படித்துவிடலாம். அடுத்து எபிகியூரஸ் மெனோசியஸுக்கு எழுதிய கடிதம், சில பக்கங்கள்தான். எபிக்டெட்டஸின் 'கைநூல்' அதைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரே மூச்சில் படித்தால் மிரட்டுவது போல இருக்கும், தினம் இரண்டு மூன்று பத்தி போதும். 'குடியரசு' முதல் இரண்டு புத்தகங்களைப் படித்துவிட்டுப் பிடித்திருந்தால் மேலே போங்கள். அரிஸ்டாட்டிலை ஆரம்பத்தில் தொட வேண்டாம். நமக்குக் கிடைத்திருப்பது வகுப்புக் குறிப்பு மாதிரியான எழுத்து. வறண்டிருக்கும், பாதியில் வாதம் திசை மாறும். தொடும்போது ஒன்று, இரண்டு, எட்டு, ஒன்பது ஆகிய புத்தகங்களை முதலில் படியுங்கள். நீதியைப் பற்றிய ஐந்தாவதை இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.